சுளையும் சாறும்: சாத்துக்குடியின் சத்துக் கணக்கு

புதுக்கோட்டை மாவட்டத்தில் பங்குனி பிறக்கும் முன்பே வெயில் ஏறிவிடுகிறது. பெரும்பகுதி கண்மாய்களையும் மழையையும் நம்பியிருக்கும் இந்த வறண்ட நிலத்தில், கோடை வந்தால் ஜூஸ் கடைகளின் முன் கூட்டம் கூடுவது இயல்பு. அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி, இலுப்பூர் என எந்த ஊர்க் கடைவீதியிலும் சாத்துக்குடி ஜூஸ் கிடைக்கும். மருத்துவமனையில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் கையிலும் சாத்துக்குடிப் பை இருக்கும். போன இடத்தில் அந்தப் பழம் பெரும்பாலும் பிழியப்பட்டு, வடிகட்டப்பட்டு, சர்க்கரை சேர்த்துத்தான் நோயாளியின் கைக்குப் போகிறது. பழம் உடம்புக்கு நல்லது, அதன் சாறு இன்னும் நல்லது என்ற நம்பிக்கை இதற்குப் பின்னால் இருக்கிறது. முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதியைத்தான் இக்கட்டுரை சோதித்துப் பார்க்கிறது. பழத்தில் என்னென்ன சத்து இருக்கிறது என்பதோடு, அது எவ்வளவு, எவ்வளவு விரைவாக உடலுக்குள் போகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், சாத்துக்குடியும் ஆரஞ்சும் சுளையாகத் தின்னப்பட வேண்டியவை என்ற முடிவுக்கே சான்றுகள் நம்மைக் கொண்டுசேர்க்கின்றன.

இந்தக் கேள்வி புதுக்கோட்டைக்குப் பணக் கணக்காகவும் முக்கியமானது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் வட்டாரத்தில் பலாவும் வாழையும் மாவும் விளைகின்றன. சாத்துக்குடி பெரும்பாலும் ஆந்திரத்திலிருந்தும், ஆரஞ்சு நாக்பூர் போன்ற இடங்களிலிருந்தும் வருகின்றன. எலுமிச்சைக்குத் தமிழ்நாட்டில் பெயர் பெற்ற ஊர் தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி. ஆக, இங்குள்ள குடும்பங்களுக்குச் சாத்துக்குடி காசு கொடுத்து வாங்கும் பழம். ஒரு தம்ளர் ஜூஸுக்கு மூன்று பழம் தேவைப்படுகிறது என்றால், அந்த மூன்று பழத்திலிருந்து வீட்டுக்கு என்ன கிடைத்தது, சக்கையோடு எது குப்பைக்குப் போனது என்று கேட்பது நியாயமே. இன்னொன்றையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். சாத்துக்குடி எலுமிச்சை இனத்தைச் சேர்ந்தது என்று பலர் கருதுகிறார்கள். தாவரவியல்படி அது இனிப்பு ஆரஞ்சு இனத்தின் ஒரு வகை. வெளிநாட்டுக் கூடங்களில் ஆரஞ்சை வைத்து நடந்த சோதனைகள் நம் சாத்துக்குடிக்கும் பொருந்துவதற்கு இந்த உறவே அடிப்படை.

முதலில் சாற்றின் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லிவிடலாம். வைட்டமின் சி-யைப் பொறுத்தவரை சாறு ஏமாற்றுவதில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுப் பட்டியலின்படி 100 கிராம் ஆரஞ்சுச் சுளையில் சுமார் 53 மில்லிகிராம் வைட்டமின் சி உள்ளது. அப்போதே பிழிந்த 100 கிராம் சாற்றில் சுமார் 50 மில்லிகிராம். வித்தியாசம் மிகக் குறைவு. இந்தப் பழங்களின் மருத்துவப் புகழும் இதிலிருந்தே தொடங்கியது. 1747-இல் சாலிஸ்பரி என்ற பிரிட்டிஷ் கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு விதமான மருந்துகளைக் கொடுத்தார். நாளுக்கு இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும் பெற்ற இருவரே விரைவாகத் தேறினார்கள். 1795 முதல் பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்கத் தொடங்கியதும் ஸ்கர்வி பெருமளவு ஒழிந்தது. பின்னர் வேறு வகைச் சிற்றெலுமிச்சைச் சாற்றுக்கு மாறினார்கள். செப்புக் கலங்களில் பட்டும் காற்றிலும் வெளிச்சத்திலும் கிடந்தும் அதன் வீரியம் குறைந்தது. 1875-இல் வடதுருவம் நோக்கிப் புறப்பட்ட நேர்ஸ் தலைமையிலான குழு, அந்தச் சாறு கையில் இருந்தும் ஸ்கர்வியில் சிக்கியது. புதிதாகப் பிழிந்த சாறு வைட்டமினைத் தரும், வைத்திருந்த சாற்றை அவ்வளவு நம்ப முடியாது என்பதே இந்த வரலாறு சொல்லும் பாடம்.

ஆனால் இன்று புதுக்கோட்டையில் ஸ்கர்வி பெரிய நோயாக இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்த ஆணுக்கு நாளுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65 மில்லிகிராம் வைட்டமின் சி போதும். ஏறத்தாழ 130 கிராம் எடையுள்ள நடுத்தர ஆரஞ்சு ஒன்றில் சுமார் 70 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு பழத்தைச் சுளையாகத் தின்றாலே ஒரு பெண்ணின் அன்றைய தேவை நிறைவேறிவிடுகிறது. 250 மில்லி சாறு சுமார் 124 மில்லிகிராம் தருகிறது. இந்த மிகுதியை உடல் சேமித்து வைப்பதில்லை. தேவைக்கு மேற்பட்டதில் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும். சாற்றின் பெரிய பலமாகச் சொல்லப்படும் வைட்டமினை ஒரே பழம் தந்துவிடும்போது, மூன்று பழத்தைப் பிழிவதால் கூடுதலாகக் கிடைப்பது என்ன என்று பார்த்தால், சர்க்கரைதான் மிஞ்சுகிறது.

கணக்கை விரித்தே பார்க்கலாம். நடுத்தர ஆரஞ்சு ஒன்றில் சர்க்கரை சுமார் 12 கிராம், நார்ச்சத்து சுமார் 3 கிராம், ஆற்றல் ஏறத்தாழ 62 கலோரி. 250 மில்லி சாற்றில் சர்க்கரை சுமார் 21 கிராம், ஆற்றல் 112 கலோரி, நார்ச்சத்தோ அரை கிராம்தான். மூன்று பழத்தையும் அப்படியே தின்றிருந்தால் 9 கிராம் நார்ச்சத்து கிடைத்திருக்கும். வளர்ந்தவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவில் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அந்த நார்ச்சத்து சுளையின் மெல்லிய தோலிலும், சாறு நிறைந்த சிறு பைகளின் சுவரிலும், தோலுக்கடியில் வெள்ளையாக ஒட்டியிருக்கும் பகுதியிலும் இருக்கிறது. பெக்டின் என்னும் கரையும் நார் அதில் மிகுதி. வயிற்றில் நீரோடு கலந்து கூழாகி, உணவு குடலுக்குள் இறங்கும் வேகத்தையும் சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் வேகத்தையும் அது குறைக்கிறது. ஹெஸ்பெரிடின் போன்ற தாவரச் சேர்மங்களும் இதே பகுதிகளில் செறிந்திருக்கின்றன. சாத்துக்குடி ஜூஸைப் பிழிந்து வைத்தால் சற்று நேரத்தில் கசந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். பழத்தில் கசப்பின்றி இருக்கும் ஒரு பொருள், செல்கள் சிதைந்து புளிப்போடு கலந்ததும் லிமோனின் என்னும் கசப்புப் பொருளாக மாறுவதே காரணம். பிழிவது வெறுமனே நீரைப் பிரித்தெடுக்கும் வேலையன்று, பழத்தின் உள்கட்டமைப்பையே குலைக்கும் வேலை என்பதற்கு நாவே அறியக்கூடிய சான்று இது.

கட்டமைப்பு குலைந்தால் உடலில் என்ன நேர்கிறது என்பதை இங்கிலாந்தின் பிரிஸ்டலைச் சேர்ந்த கென்னத் ஹீட்டனும் அவருடைய குழுவினரும் சோதித்துப் பார்த்தார்கள். 1977-இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வில், பத்துப் பேருக்கு ஒரே அளவு மாவுச்சத்துள்ள ஆப்பிள், ஆப்பிள் கூழ், ஆப்பிள் சாறு ஆகியவை தரப்பட்டன. முழுப் பழத்தைத் தின்பதைவிடச் சாற்றைப் பதினொரு மடங்கு விரைவாகக் குடித்து முடிக்க முடிந்தது. சாறு குடித்தவர்களுக்கு வயிறு நிறைந்த உணர்வு குறைவாக இருந்தது. இன்சுலின் கூடுதலாகச் சுரந்தது. ஏறிய இரத்தச் சர்க்கரை பிறகு தேவைக்கும் கீழே சரிந்தது. 1981-இல் அதே குழு ஆரஞ்சையும் திராட்சையையும் எடுத்துக்கொண்டது. ஆரஞ்சிலும் ஆப்பிளின் கதையே திரும்பியது: சுளையைத் தின்றவர்களுக்குப் பசி தாமதமாக வந்தது, இன்சுலின் குறைவாகச் சுரந்தது, சர்க்கரைச் சரிவும் குறைவு. திராட்சையில் மட்டும் முழுப் பழத்துக்கே இன்சுலின் கூடுதலாகச் சுரந்தது. எல்லாப் பழங்களுக்கும் ஒரே விதியை எழுதிவிட முடியாது என்பதை இந்த விலக்கு உணர்த்துகிறது. நாம் பேசும் ஆரஞ்சு இனத்தைப் பொறுத்தவரை விடை தெளிவாகவே இருக்கிறது. பத்துப் பேரை வைத்துச் செய்த சிறு சோதனைதானே என்று கேட்கலாம். சிறிதுதான். ஆனால் மெல்லும் நேரம், வயிறு நிறைவு, சர்க்கரையின் வேகம் ஆகிய மூன்றும் ஒரே திசையைக் காட்டுவதால் இதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

பெரிய அளவிலான சான்று 2013-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. அமெரிக்கச் செவிலியர்களும் மருத்துவத் துறையினருமாக 1,87,382 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த மூன்று ஆய்வுகளின் தொகுப்பு அது. அவர்களில் 12,198 பேருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வந்தது. பழச்சாறு மிகுதியாகக் குடித்தவர்களிடம் நீரிழிவு வாய்ப்பு சற்றுக் கூடியிருந்தது. சாற்றுக்குப் பதிலாக முழுப் பழம் தின்றால் குறையும் என்று கணக்கீடு காட்டியது. ஆனால் அதே ஆய்வில் நீரிழிவு வாய்ப்பைத் தெளிவாகக் குறைத்தவை அவுரிநெல்லி, திராட்சை, ஆப்பிள் முதலியவைதான். ஆரஞ்சு தனியாக எந்தப் பெரிய பாதுகாப்பையும் தரவில்லை. ஆகவே ஆரஞ்சு தின்றால் சர்க்கரை நோய் வராது என்று சொல்வதற்கு இதில் ஆதாரம் இல்லை. ஆரஞ்சுச் சுளை தீங்கு செய்யவில்லை, சாறாகக் குடிப்பதில் எச்சரிக்கை தேவை என்ற அளவோடு நிற்பதே நேர்மை. இது அமெரிக்கர்களின் கணக்கு, நமக்கு எப்படிப் பொருந்தும் என்ற மறுப்பும் எழும். நம் நிலை இன்னும் கவலைக்குரியது என்பதே பதில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-இல் தந்த முடிவின்படி, இந்தியாவில் வளர்ந்தவர்களில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது; அதாவது சுமார் பத்துக் கோடிப் பேர். உடல் எடை பெரிதாகக் கூடாமலேயே நீரிழிவுக்கு ஆளாகும் தன்மை தெற்காசியரிடம் மிகுதி. விரைவாக ஏறும் சர்க்கரையைப் பொறுத்துக்கொள்ளும் இடம் நமக்குக் குறைவு.

இதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சர்க்கரை குறித்த வழிகாட்டுதலை வெளியிட்டபோது ஒரு முக்கியமான கோட்டைக் கிழித்தது. தேனிலும் பாகிலும் பழச்சாற்றிலும் உள்ள சர்க்கரையை, நாம் கையால் போடும் சர்க்கரையோடு ஒரே வகையில் சேர்த்தது. முழுப் பழத்துக்குள் இருக்கும் சர்க்கரையை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 2,000 கலோரி உண்பவருக்கு அந்த வகைச் சர்க்கரை நாளுக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும். 25 கிராமுக்குள் இருந்தால் மேலும் நன்மை. 250 மில்லி சாத்துக்குடி ஜூஸில் இயல்பாக 21 கிராம் இருக்க, மேலே இரண்டு தேக்கரண்டி சீனி போட்டால் 10 கிராமுக்கு நெருக்கமாக ஏறும். ஒரே தம்ளரில் 30 கிராமைத் தொட்டுவிடுகிறோம். காலைக் காபியும் மாலைத் தேநீரும் தனிக் கணக்கு. அட்டைப் பெட்டியில் வரும் சாறுகளுக்கும் விலக்கு இல்லை. செறிவூட்டிய சாற்றில் தண்ணீர் கலந்து விற்பவற்றின் மீது "100 விழுக்காடு பழச்சாறு" என்று அச்சிடக் கூடாது என இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. பெட்டியின் மீதிருக்கும் பழத்தின் படம் உள்ளே பழம் இருப்பதற்குச் சான்றாகாது.

சாற்றுக்கு ஆதரவான அறிவியல் மறுப்பு ஒன்றையும் மறைக்கக் கூடாது. ஜெர்மனியின் ஹோஹென்ஹைம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரஞ்சுக்கு நிறம் தரும் பீட்டா கிரிப்டோசாந்தின் என்ற கரோட்டினாய்டு, சுளையைவிடச் சாற்றிலிருந்து கூடுதலாக இரத்தத்தில் சேர்ந்தது தெரியவந்தது. நார் அகன்றுவிட்டால் அந்தச் சத்து எளிதாக விடுபடுகிறது என்பது அதன் விளக்கம். இது உண்மையான ஆதாயம். ஆனால் எந்த நார் அந்தச் சத்தைப் பிடித்துவைக்கிறதோ, அதே நார்தான் சர்க்கரையின் வேகத்தையும் பிடித்துவைக்கிறது. ஒன்றை விடுவித்தால் மற்றதும் விடுபடும். கரோட்டினாய்டு வேண்டுமென்றால் முருங்கைக்கீரையிலும் பப்பாளியிலும் மாம்பழத்திலும் சர்க்கரைநோய்க் கவலையை இந்த அளவு கூட்டாமல் பெறலாம். இவை நம் கொல்லையிலும் சந்தையிலும் கிடைப்பவை. கிடைக்கும் ஆதாயத்துக்கு மாற்று வழி உண்டு, இழக்கும் நார்ச்சத்தையும் கட்டுப்பாட்டையும் அந்தத் தம்ளருக்குள் திரும்பக் கொண்டுவர வழியில்லை. அதனால் தராசு சுளையின் பக்கமே சாய்கிறது.

வடிகட்டாமல், மிக்ஸியில் அடித்து, சீனி போடாமல் குடித்தால் என்ன என்பது அடுத்த கேள்வி. வடிகட்டியதைவிட அது நிச்சயம் மேல். நாரில் பெரும்பங்கு தம்ளரில் தங்கும். ஆனாலும் மெல்லும் வேலை இல்லை, மூன்று பழம் ஒரே மூச்சில் உள்ளே போகிறது. ஆப்பிள் சோதனையில் கூழ் இடைப்பட்ட இடத்தையே பிடித்தது. பல் இல்லாத முதியவர்கள், விழுங்கச் சிரமப்படும் நோயாளிகள், பிரசவம் முடிந்து சோர்ந்திருப்பவர்கள் ஆகியோருக்கு இந்த வடிவம் பொருத்தமாகலாம். ஒரு பழத்தின் அளவோடு நிறுத்திக்கொள்வது அறிவுடைமை. இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து நடுங்கும் நீரிழிவு நோயாளிக்கு அரைத் தம்ளர் சாறு உயிர் காக்கும் மருந்து. அந்த நேரத்தில் வேகமே தேவை. மற்றபடி படுக்கையில் இருப்பவர் என்பதாலேயே எல்லோருக்கும் சாறு என்ற வழக்கத்துக்கு அடிப்படை இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் கட்டுப்பாடு இருக்கும். அவர்கள் சுளையையும் சாற்றையும் மருத்துவரிடம் கேட்டே எடுத்துக்கொள்ள வேண்டும். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு இனிப்பான சாறு நிலைமையை மோசமாக்கும். தர வேண்டியது ஓ.ஆர்.எஸ். கரைசல். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பழச்சாறே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2017-இல் அறிவுறுத்தியது. இங்கே ஆறு மாதம் முடிந்ததும் சாத்துக்குடிச் சாறு புகட்டும் வீடுகள் அதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னது சாத்துக்குடிக்கும் ஆரஞ்சுக்கும்தான். எலுமிச்சையின் நியாயம் வேறு. அதை யாரும் சுளையாகத் தின்பதில்லை; ஒரு பழத்தின் சாற்றில் சர்க்கரை மிகக் குறைவு; சாறாகப் பிழிவதே அதன் இயல்பான பயன். அதன் பெரிய பயன் தம்ளரைவிடத் தட்டில் இருக்கிறது. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. கீரையிலும் பயறுகளிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் எளிதாகச் சேராத வடிவில் இருக்கிறது. அதே வேளையில் வைட்டமின் சி உள்ளே போனால் அது கரையும் வடிவத்துக்கு மாறி, குடலில் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. பயறு ஆராய்ச்சிக்கென்றே வம்பனில் ஒரு தேசிய மையம் இயங்கும் மாவட்டம் இது. பயற்றுச் சுண்டலிலும் கீரைக் கடைசலிலும் அரை எலுமிச்சையைப் பிழிவது, இரத்தசோகைக்கு எதிராக ஒரு குடும்பம் செய்யக்கூடிய மலிவான காரியம். எலுமிச்சைச் சோற்றுக்கு அடுப்பை அணைத்த பிறகே சாறு பிழியும் நம் வீட்டு வழக்கம், கசப்பைத் தவிர்ப்பதோடு வைட்டமினையும் காக்கிறது. வெயிலில் வேலை செய்துவிட்டு வருபவருக்கு உப்புப் போட்ட எலுமிச்சை நீர் நல்லது. அதில் சீனி குறையக் குறைய நன்மை கூடும். உப்பு நார்த்தங்காயைப் பொறுத்தவரை, தோலோடு முழுக் காயையும் பயன்படுத்துவது பாராட்டத்தக்கது. ஆனால் வெயிலில் காய்ந்ததில் வைட்டமின் சி பெரிதும் போய்விடுகிறது, உப்போ நிறைந்திருக்கிறது. நாளுக்கு 5 கிராம் உப்பு என்ற வரம்புக்குள் வாழ வேண்டியவர்கள், தயிர்ச் சோற்றுக்கு ஒரு சிறு துண்டோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

ஜூஸ் கடை நடத்துபவர்களின் பிழைப்பைக் கெடுக்கும் பேச்சு இது என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. உரித்த சுளைகளையும் நறுக்கிய கொய்யாவையும் பப்பாளியையும் அதே கடைகள் விற்கலாம். வைட்டமின் சி-க்காகவே பழம் தேடுபவருக்குக் கொய்யா ஆரஞ்சைவிடப் பல மடங்கு தரும், விலையும் குறைவு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல் நாளுக்குச் சுமார் 100 கிராம் பழம் போதும் என்கிறது. அது ஒரு சிறிய சாத்துக்குடியின் அளவு. மூன்று பழம் வாங்கும் வீட்டில் மூன்று பேர் ஆளுக்கொன்றாகத் தின்றால், ஒருவர் குடித்துத் தீர்க்கும் சத்து மூவருக்கும் போய்ச் சேரும். 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது எழுத்தையும் மிதிவண்டியையும் ஆயிரக்கணக்கான பெண்களிடம் கொண்டுசேர்த்த மாவட்டம் புதுக்கோட்டை. இன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளோடு வீடு வீடாகப் போகிறார்கள். அவர்கள் மாத்திரையோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை இரண்டுதான்: சாத்துக்குடியை உரித்துச் சுளையாகத் தின்னுங்கள், எலுமிச்சையைக் கீரையிலும் பயற்றிலும் பிழியுங்கள். நோயாளியைப் பார்க்கப் பழம் வாங்கிப் போகிறவர்களும் அங்கே பிழிசட்டியைத் தேடாமல், பழத்தை உரித்துச் சுளையைக் கையில் கொடுக்கட்டும்.